திருப்பூர் மெர்ச்சண்டைசர் வேலைக்கு கவர் லெட்டர் எழுதுவது எப்படி?

ரெஸ்யூம் கையில் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதோடு போகும் ஒரு பக்கக் கடிதம்தான் இங்கே விஷயம். ஜூனியர் மெர்ச்சண்டைசர் (பையரின் ஆர்டரை சாம்பிளிலிருந்து அனுப்பும் வரை கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்) வேலை தேடியபோது நான் எழுதிப் பழகிய முறை இது. கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிக்கோ கரூர் ஹோம் டெக்ஸ்டைலுக்கோ போடுகிறவர்கள் உதாரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. விளம்பரத்தில் கேட்டிருப்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். நிட்ஸ் (பின்னலாடை) அனுபவம், பையர் (ஆர்டர் கொடுக்கும் கம்பெனி) ஃபாலோ-அப், எக்செல், ஆங்கிலத்தில் மெயில் என்று இருக்கும். அதில் உங்களுக்கு உறுதியாக வரும் இரண்டை எடுங்கள். மற்றதை ரெஸ்யூம் பார்த்துக்கொள்ளும்.

2. முதல் பத்தி இரண்டே வரி. எந்த வேலை, விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள். ‘தங்கள் மேலான நிறுவனத்தில்’ வகையறா வேண்டாம்.

3. இரண்டாவது பத்தியில்தான் நான் ரொம்ப நாள் திணறினேன். ‘சாம்பிளிங், புரொடக்ஷன், பையர் கம்யூனிகேஷனில் நல்ல அனுபவம்’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருப்போம். ‘சரிங்க, இதுல நீங்க என்னங்க பண்ணுனீங்க?’ என்று ஒருவர் கேட்டால் அந்த வரியில் பதில் இருக்காது. அந்தக் கேள்விக்கான பதிலையே பத்தியாக எழுதுங்கள் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்; காம்பாக்டிங் என்பது துணியை அழுத்தி நெருக்கமாக்கும் வேலை):

‘குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டரில் பையர் கேட்டது 180 ஜிஎஸ்எம். காம்பாக்டிங் முடிந்து வந்த துணியைக் கட்டரில் வெட்டி எடை போட்டேன், 165 காட்டியது. கட்டிங்குக்குப் போகும் முன்பே நிறுத்தி, மறுபடி காம்பாக்டிங் ஓட்டச் சொல்லிவிட்டு, அன்றைக்கே பையருக்கு மெயில் போட்டுப் புதுத் தேதி வாங்கினேன்.’

ஃபாலோ-அப், மெயில் இரண்டும் இதிலேயே வந்துவிட்டன. ‘கடின உழைப்பாளி’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அனுபவம் இல்லாதவர்கள் இன்டர்ன்ஷிப்பை எழுதலாம்: செக்கிங் டேபிளில் நின்றபோது நீடில் லைன் (ஊசிக் கோளாறால் துணியில் விழும் கோடு), ஓட்டை, எண்ணெய்க் கறை என்று எதைப் பிரித்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. பழைய கம்பெனியின் பையர் பெயரையும் ரேட்டையும் எழுதாதீர்கள். நாளைக்கு நம்முடையதையும் வெளியே சொல்வான் என்று படிக்கிறவர் கணக்குப் போட்டுவிடுவார்.

4. கடைசியில் எப்போது சேர முடியும், ஃபோன் நம்பர். சம்பளம், கேட்டிருந்தால் மட்டும்.

எழுத கூகுள் டாக்ஸ் போதும். கேன்வா டெம்ப்ளேட் எனக்குப் பிடிக்காது, பூப்போட்ட கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். ஏஐயிடம் ஆங்கிலப் பிழையை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். முழுக்க எழுதச் சொன்னால் ஜிஎஸ்எம் கதை போய், மறுபடி ‘நல்ல அனுபவம்’ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அனுப்பும்போது கடிதத்தை மெயிலிலேயே ஒட்டுங்கள். முதலாளியே ஃபோனில் பார்க்கிற இடங்கள் இங்கே நிறைய, இணைப்பைத் திறக்க அவருக்குப் பொறுமை இருக்காது. ரெஸ்யூம் மட்டும் பிடிஎஃப். ஃபைலுக்கு உங்கள் பெயரும் வேலையின் பெயரும் வையுங்கள், ‘ஃபைனல் நியூ 2’ வேண்டாம்.

பின்சேர்க்கை: விளம்பரத்தில் வாட்ஸ்அப் நம்பர் மட்டும் இருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். முதல் பத்தியையும் ஜிஎஸ்எம் மாதிரிச் சம்பவத்தையும் நாலு வரியாகச் சுருக்கி ஒரே மெசேஜாக அனுப்புங்கள், அப்புறம் பிடிஎஃப். வெறும் ‘ஹாய் சார்’ அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இடையில் வேலை இல்லாத வருஷங்களைப் பற்றியும் கேட்டீர்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேன் என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மேற்கொண்டு விவரம் வேண்டுமென்றால் இன்டர்வியூவில் கேட்பார்கள்.