நர்ஸ் வேலைக்கு ரெஸ்யூமே அனுப்புகிறீர்களா? மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரிண்டெண்டாக இருக்கிறேன். புது ஸ்டாஃப் எடுக்கும்போது ரெஸ்யூமேக்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்), எய்ம்ஸுக்கு நார்செட் தேர்வு என்று தனி வழி இருக்கிறது. அங்கே மதிப்பெண்தான் கணக்கு. நான் சொல்வதெல்லாம் தனியார் மருத்துவமனைகளுக்கு.

"கடின உழைப்பாளி, எந்தச் சூழலிலும் பணிபுரியக் கூடியவர்" என்ற வரி இல்லாத ரெஸ்யூமே வருவதே அபூர்வம். அந்த வரிக்காக நான் யாரையும் கூப்பிட்டதில்லை. அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு எல்லாம் அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வேலை பார்த்த இடத்துக்கு மட்டும் "ஸ்டாஃப் நர்ஸ், ஐசியூ, 2 வருடம்" என்று ஒரே வரி. எனக்கு வேண்டியது அந்த வரிக்குள் இருப்பதுதான். எத்தனை படுக்கை ஐசியூ? மெடிக்கலா, சர்ஜிக்கலா? நைட் டூட்டியில் உங்கள் பொறுப்பில் எத்தனை பேஷண்ட்? வென்டிலேட்டர் பேஷண்ட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சிரிஞ்ச் பம்பில் நார்அட்ரினலின் (பிபியை ஏற்றும் மருந்து) ஓட்டியிருக்கிறீர்களா?

இதை எழுதும்போது, தனியாகச் செய்தது எது, சீனியர் பக்கத்தில் இருக்கும்போது செய்தது எது, பார்த்தது மட்டும் எது என்று பிரித்து எழுதுங்கள். பெரும்பாலோர் எல்லாவற்றையும் "செய்தேன்" என்று போடுகிறார்கள். என்.ஏ.பி.எச். என்ற தர அங்கீகாரம் உள்ள மருத்துவமனையில் எந்த நர்ஸ் எதைச் செய்யலாம் என்று ஆள்வாரியாக எழுதி வைக்க வேண்டும். நீங்களே பிரித்துக் கொண்டுவந்தால் என் வேலை பாதி முடிந்தது. "டயாலிசிஸ்: பார்த்தது மட்டும்" என்று எழுதும் பெண்ணை நான் நம்புவேன்.

இப்போதுதான் படித்து முடித்தவர்கள், அனுபவமே இல்லையே என்று மலைக்க வேண்டாம். படிக்கும்போது பார்த்த பிரசவங்களை எழுதிய மிட்வைஃப்ரி கேஸ் புக் இருக்கிறதல்லவா? எத்தனை பிரசவம் நீங்களே பார்த்தீர்கள், எந்த மருத்துவமனையில் என்ன போஸ்டிங் என்பதையெல்லாம் அதிலிருந்து எடுத்து எழுதலாம். அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

பேப்பர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு வேண்டும். பெங்களூரில் படித்து அங்கே பதிவு செய்தவர்கள் இங்கே பதிவுக்கு விண்ணப்பித்த ரசீதையாவது வையுங்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டு 2 வருடத்துக்குத்தான், தேதியைப் பாருங்கள். அப்புறம், சர்ட்டிஃபிகேட்டைக் கட்டிலில் போட்டு செல்போனில் கோணலாகப் படம் எடுத்து ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எல்லாம் ஒரே பி.டி.எஃப்.பில், ஃபைலுக்கு உங்கள் பெயர். "நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2" என்று எனக்கு வந்தவை எத்தனையோ!

இன்டர்வியூவில் நான் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட். கையில் இருப்பது மில்லிக்கு 100 யூனிட் என்று கோடு போட்ட சிரிஞ்ச். 20 யூனிட் போட வேண்டும், என்ன செய்வீர்கள்? 20 கோடு வரை இழுப்பேன் என்றால் உள்ளே போவது 8 யூனிட்தான். 50 கோடு வரை என்றால் கணக்கு சரி, அரை மில்லி. ஆனால் எனக்குப் பிடித்த பதில் வேறு: "அந்த சிரிஞ்சில் போட மாட்டேன் மேடம், 40 யூனிட்டுக்கான சிவப்பு மூடி சிரிஞ்ச் வரவழைப்பேன். அவசரம் என்றால் இன்னொரு சிஸ்டரைக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்வேன்." ட்ரிப் கணக்கும் வரும். 500 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு செட் என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு. பேப்பர் கேட்டு வாங்கிப் போடுங்கள். மனக்கணக்கில் யாரையும் அசத்த வேண்டியதில்லை.

அடுத்து, இரவு 2 மணிக்கு டாக்டரை எழுப்பி என்ன சொல்வீர்கள் என்று பேசிக் காட்டச் சொல்வேன். "சார், 6ஆம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்றால் போதாது. இப்போது என்ன நடக்கிறது, எதற்காக அட்மிட் ஆனவர், பிபி, பல்ஸ், சாச்சுரேஷன் எவ்வளவு, உங்களுக்கு என்ன தோன்றுகிறது, டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரிசையில் வரட்டும். வீட்டில் இரண்டு மூன்று பேஷண்ட்டை நினைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, வரிசை தடுமாறக் கூடாது.

கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பேன். "இல்லை மேடம்" என்று எழுந்துவிடாதீர்கள். நைட்டில் ஒரு நர்சுக்கு எத்தனை பேஷண்ட், தனியாக விடுமுன் எத்தனை நாள் சீனியரோடு போடுவீர்கள், பிடித்தம் போகக் கையில் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். சம்பளம் கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உள்ள வீண் பயம். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்க்கக் கொடுங்கள், அன்றைக்கே திரும்ப வாங்குங்கள். அங்கேயே வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இடத்தில் சேர வேண்டாம்.