கைத்துப்பாக்கி அனுமதியுடன் மாநில எல்லை தாண்டுவது எப்படி? பிலடெல்பியாவிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர் வரை

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதி ஓட்டுநர் உரிமத்தைப் போல நாடு முழுவதும் செல்லும் என்று புதிதாகப் பெற்றவர்கள் பலர் எண்ணிவிடுகிறார்கள். அதை வழங்குவது மாநிலம். ஏற்பதும் மறுப்பதும் அடுத்த மாநிலத்தின் விருப்பம். எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை.

இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதற்கு 2013-இல் நடந்த ஒரு வழக்கே போதும். பென்சில்வேனியா அனுமதி பெற்றிருந்த பிலடெல்பியாத் தாய் ஒருவர், நியூ ஜெர்சியில் போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தியபோது, தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமாகவே சொன்னார். உடனே கைதானார், பல ஆண்டுச் சிறைத்தண்டனையை எதிர்நோக்கினார். 2015-இல் ஆளுநர் பொதுமன்னிப்பு வழங்கிய பிறகே அந்தத் துன்பம் தீர்ந்தது. ஆகவே பிலடெல்பியாவிலிருந்து நியூ ஜெர்சி, நியூயார்க், கனெடிகட், மாசசூசெட்ஸ் வழியாக நியூ ஹாம்ப்ஷயருக்குக் காரில் செல்லும் பயணத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

படி 1: நீங்கள் துப்பாக்கி வைத்திருக்கலாமா?

நம்மவர்கள் இதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கணவர் கிரீன் கார்டு பெற்றவராகவும் மனைவி விசாவில் இருப்பவராகவும் இருந்தால், துப்பாக்கி உள்ள வண்டியை மனைவி தனியாக ஓட்டிச் செல்ல விடவே கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும்; துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தப்படுவதற்கே அது காரணமாகலாம்.

படி 2: வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தையும் தனித்தனியே பாருங்கள்

நம் எடுத்துக்காட்டில் இடைப்பட்ட நான்கு மாநிலங்களும் பென்சில்வேனியா அனுமதியை ஏற்பதில்லை. நியூ ஹாம்ப்ஷயரிலோ, சட்டத்தடை இல்லாத எவரும் 2017 முதல் அனுமதி இல்லாமலேயே எடுத்துச் செல்லலாம். ஒரு மாநில அனுமதியை மற்றொன்று ஏற்பதற்கான ஒப்பந்தங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், அந்தந்த மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அல்லது மாநிலக் காவல்துறை வெளியிடும் பட்டியலைப் புறப்படும் வாரத்திலேயே பாருங்கள். புளோரிடா, மிச்சிகன், கொலராடோ போன்றவை, அனுமதி தந்த மாநிலத்திலேயே வசிப்பவருக்கு மட்டும் அந்த அனுமதியை ஏற்கின்றன. வெளிமாநிலத்தவராக வாங்கிய அனுமதி அங்கே உதவாது.

படி 3: வீட்டிலேயே பூட்டிக் கட்டுங்கள்

அனுமதி செல்லாத மாநிலங்களைக் கடக்க உதவுவது, துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புக்காக 1986-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் முடிந்தால், இடையிலுள்ள மாநிலங்களின் வழியே கொண்டுபோகலாம் என்கிறது அது. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாக்களும் பயணிகள் இருக்கும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி, மினிவேன் ஆகியவற்றில் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். கிளவ் பாக்ஸையும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கன்சோலையும் பூட்டினாலும் அவை பூட்டிய பெட்டியாகக் கணக்கில் வரா. டிக்கி உள்ள காரிலும், துப்பாக்கியை ஒரு கெட்டியான பெட்டியிலும் தோட்டாவை வேறொரு பெட்டியிலும் பூட்டி, இரண்டையும் டிக்கியில் வைப்பதையே வலியுறுத்துவேன். டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினாலே நியூ ஜெர்சி வந்துவிடுவதால், இதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். சாலையோரத்தில் துப்பாக்கியைக் கையிலெடுப்பது ஆபத்து.

பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களை (துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூடுகளை) இடைப்பட்ட நான்கு மாநிலங்களும் கட்டுப்படுத்துகின்றன. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் சொல்கிறதே தவிர மேகசினைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எனவே அவற்றை வீட்டில் விட்டுச் செல்வதே நல்லது. நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் எனப்படும் முனை குழிந்த தோட்டாக்களுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

படி 4: வழியில் தங்காதீர்கள்

பெட்ரோல் போட, சாப்பிட நிற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த பயணி ஒருவர், நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியுடன் ஓட்டலில் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் கைதானார். ஓட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காக்காது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. நியூயார்க்கில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்ற எண்ணம் இருந்தால், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பவே வேண்டாம்.

படி 5: காவலர் நிறுத்தினால்

கைகளை ஸ்டியரிங்கின் மேலேயே வைத்திருங்கள். மிச்சிகன், வட கரோலினா போன்ற மாநிலங்களில் மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்பவர் தாமாகவே அதைத் தெரிவிக்க வேண்டும். வேறு பல மாநிலங்களில் கேட்டால் சொன்னால் போதும். உங்கள் வழியில் எந்த விதி என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். வண்டியைச் சோதனையிட ஒப்புதல் கேட்டால் பணிவாக மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

படி 6: போய்ச் சேர்ந்த பிறகு

நியூ ஹாம்ப்ஷயர் எல்லைக்குள் வந்து, தங்குமிடத்தை அடைந்த பின்னரே பெட்டியைத் திறங்கள். அங்கும் அஞ்சலகம், கூட்டாட்சி அரசு அலுவலகம் ஆகியவற்றுக்குத் துப்பாக்கியோடு போகக் கூடாது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதற்கும் கூட்டாட்சித் தடை உண்டு. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே தந்த உரிமம் உள்ளவருக்குத்தான் அதில் விலக்கு; பென்சில்வேனியா அனுமதி இதற்குப் பயன்படாது. அடிக்கடி போய்வருபவர்கள், வெளிமாநிலத்தவருக்கு நியூ ஹாம்ப்ஷயர் வழங்கும் உரிமத்துக்கு விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம். அது கைக்கு வரும் வரை, பள்ளிகளை ஒட்டிய சாலைகளில் துப்பாக்கியைத் தோட்டாவின்றிப் பூட்டிய பெட்டியிலேயே வைத்திருங்கள்.