சறுக்கு எங்கே முடிகிறது என்று பாருங்கள்: உள்ளரங்க நீர்ப்பூங்காவுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகளுக்கு நீர்ச்சறுக்கு புதிதன்று. ஜூரோங் ஈஸ்ட் நீச்சல் வளாகத்தின் அலைக்குளத்திலோ, பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் வைல்ட் வைல்ட் வெட்டிலோ, செந்தோசாவின் அட்வென்ச்சர் கோவ் பூங்காவிலோ அவர்கள் ஒரு முறையாவது நனைந்திருப்பார்கள். இவை யாவும் வானம் பார்த்த இடங்கள் என்பதால், மின்னல் அபாயம் என்று அறிவித்துவிட்டால் எல்லாரும் கரையேறிக் காத்திருக்க வேண்டியதுதான். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ செல்லும் குடும்பங்கள் அங்குள்ள மாபெரும் உள்ளரங்க நீர்ப்பூங்காக்களில் ஒரு நாளைக் கழிக்க விரும்புவது இயல்பே. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே விளையாட்டு நிற்பதில்லை. ஆனால் அந்த இடங்களின் அளவும் சறுக்குகளின் வகையும் நாம் இங்கே பழகியதிலிருந்து வேறுபடுகின்றன. எனவே, சிறிது முன்யோசனையுடன் செல்வது நல்லது.

அளவு என்றதும் ஜெர்மனியின் டிராபிக்கல் ஐலண்ட்ஸைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெர்லினுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்தக் கட்டடம், ராட்சத ஆகாயக் கப்பல்களைக் கட்டுவதற்காக கார்கோலிஃப்டர் என்ற நிறுவனம் எழுப்பிய கொட்டகை. 360 மீட்டர் நீளமும் 210 மீட்டர் அகலமும் 107 மீட்டர் உயரமும் கொண்டது. 2002இல் அந்த நிறுவனம் நொடித்துப்போக, 2004 டிசம்பரில் அதே கூரையின்கீழ் மணற்கரையும் குளங்களும் சறுக்குக் கோபுரமுமாக நீர்ப்பூங்கா திறக்கப்பட்டது. கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள வேர்ல்ட் வாட்டர்பார்க், 1986 முதல் ஒரு கடைத்தொகுதிக்குள்ளேயே இயங்கி வருகிறது. இத்தகைய இடங்களில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று எண்ணி ஓடுவது வீண் களைப்பு. நான்கைந்து சறுக்குகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் நிதானமாக விளையாடுவதே என் பரிந்துரை.

ஆயத்தம் வீட்டிலேயே தொடங்குகிறது. முந்தைய நாள் தலையில் வைத்த எண்ணெயைச் சீயக்காய் அல்லது ஷாம்பு போட்டு முழுமையாகப் போக்கிவிடுங்கள். பூங்காவில் நீரில் இறங்குமுன் சோப்புப் போட்டு இன்னொரு முறை குளியுங்கள். உள்ளரங்கக் குளங்களில் மூக்கைத் துளைத்து, கண்ணை எரியவைக்கும் அந்த நெடிக்குக் குளோரின் மட்டுமே காரணமன்று. நம் உடலிலிருந்து கரையும் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின் என்ற சேர்மமே பெரும்பாலும் அதற்குக் காரணம். திறந்தவெளியில் காற்று அதை அடித்துச் சென்றுவிடும். மூடிய அரங்கில் அது நீர்ப்பரப்பின் மேலேயே தங்கி நிற்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் மூச்சிழுப்பானைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நகைகளைப் பற்றி நம் பெண்கள் அவசியம் யோசிக்க வேண்டும். கண்ணாடியிழையால் ஆன சறுக்குப் பரப்பில் வளையல், மெட்டி, கொலுசு ஆகியவை உரசினால் பரப்பு கீறிப்போகும். அதே கீறல் அடுத்து வருபவரின் முதுகைக் கிழிக்கும். ஜிப்போ உலோகப் பொத்தானோ வைத்த உடைகளைச் சறுக்குகளில் அனுமதிக்காததற்கும் இதுவே காரணம். தாலிச் சங்கிலியைக் கழற்றத் தயங்குவோர், பயணத்துக்கு முன்பே பொன்சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொண்டு, அதை நீச்சலுடைக்குள் இறுகச் செருகிவைக்கலாம். அதையும் கழற்றும்படி ஊழியர் சொன்னால் வாதாடாமல், அந்தச் சறுக்கை விட்டுவிட்டு வேறொன்றுக்குச் செல்லுங்கள். குழந்தையின் அரைஞாண் கயிற்றை அன்று மட்டும் அவிழ்த்துவிடுவது நல்லது. பருத்திச் சட்டையும் சுடிதாரும் நீரில் கனத்துக் காலைச் சுற்றும். உடலை மூடிய உடையே வேண்டுமென்றால் முழங்கை, கணுக்கால் வரை நீண்ட லைக்ரா நீச்சலுடை இங்கேயே கிடைக்கிறது.

இனிச் சறுக்குகளுக்கு வருவோம். பலரும் உயரத்தைப் பார்த்துச் சறுக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் சொல்வது, அது எங்கே முடிகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதே. இதை நான் கற்ற விதம் இனிமையானதன்று. ஒரு வெளிநாட்டுப் பூங்காவில் என் அக்கா கிண்ணம் போன்ற ஒரு சறுக்கில் ஏறினார். வேகமாகக் குழாயில் வந்து, அகன்ற கிண்ணத்தின் விளிம்பில் மூன்று சுற்றுச் சுற்றி, நடுவிலுள்ள துளை வழியாகக் கீழே விழும் அமைப்பு அது. பக்கத்தில் நின்ற எங்களுக்கு அவருடைய சிரிப்பொலி கேட்டது, பிறகு தொப்பென்று ஓர் ஓசை, அதன்பின் ஒன்றுமில்லை. கீழே இருந்தது 2 மீட்டர் ஆழக் குளம். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. உயிர்காப்பாளர் மிதவைக் குழலை நீட்டி, நொடிப்பொழுதில் அவரைச் சுவரோரம் இழுத்துவிட்டார். ஆழத்தைக் குறித்த பலகை வரிசையின் தொடக்கத்திலேயே இருந்தது. பேச்சு சுவாரசியத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. பள்ளியில் சுவிம்சேஃபர் என்ற நீச்சல் பாதுகாப்பு வகுப்புக்குச் சென்ற அவருடைய மகனுக்கு அந்தக் குளம் ஒரு பொருட்டே இல்லை என்பதை நினைக்கும்போது, நம் குடும்பங்களில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று தோன்றுகிறது.

ஆகவே வரிசையில் நிற்குமுன் சறுக்கின் அடிப்பகுதிக்குச் சென்று, நான்கைந்து பேர் வந்து சேர்வதைப் பாருங்கள். முடிவுகள் பெரும்பாலும் மூன்று வகை. நீளமான நேர்த்தொட்டியில் முடியும் சறுக்கில், தேங்கிய நீரே வேகத்தைத் தடுத்து உங்களை நிறுத்தும். எழுந்து நின்றால் முழங்கால் அளவு நீர்கூட இருக்காது. ஆழமற்ற குளத்தில் முடிவதில் கால் தரையில் பாவும், ஆனால் ஒரு கணம் தலை மூழ்கும். ஆழக்குளத்தில் முடிவது நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே. பார்ப்பதற்கு அச்சமூட்டும் உயரமான சறுக்குகள் பல முதல் வகையைச் சேர்ந்தவை. நீச்சல் தெரியாதவருக்கு, குட்டையாகத் தெரியும் கிண்ணத்தைவிட அவை உண்மையில் பாதுகாப்பானவை.

உடல் மட்டும் செல்லும் சறுக்குகளில் மல்லாந்து படுத்து, கணுக்கால்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இது அழகுக்காகச் சொல்லப்படுவதன்று. கால்கள் விரிந்த நிலையில் வேகமாக நீரில் வந்து இறங்கினால், நீர் உடலின் கீழ்த்துளைகளுக்குள் பீறிட்டுப் பாய்ந்து உள்காயம் ஏற்படுத்தும். குறிப்பாகப் பெண்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். நடுவழியில் பயந்து எழுந்து உட்காருவதும், கையால் பக்கச்சுவரைப் பிடிப்பதும் முழங்கையைச் சிராய்க்கும். தோள்பட்டையும் குதிகாலும் மட்டும் பரப்பில் படும்படி முதுகைச் சற்று வளைத்தால் உராய்வு குறைந்து வேகம் கூடும். மெதுவாகப் போக விரும்புகிறவர் முதுகு முழுவதும் படும்படி படுக்க வேண்டும்.

தரை திறக்கும் சறுக்கு தனி ரகம். கண்ணாடிப் பெட்டி போன்ற கூண்டுக்குள் நிற்கவைத்து, காலடியிலுள்ள பலகையைச் சட்டென விலக்குவார்கள். கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுவீர்கள். மூடிய கதவுக்குப் பின்னால் இதயம் அடித்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளே மிகக் கடினம். கால் பின்னல் கலையாமல் இருந்தால் மீதி தானாக நடந்துவிடும்.

மிதவை வளையத்தில் இருவராகவோ நால்வராகவோ செல்லும் சறுக்குகளே குடும்பத்துக்கு ஏற்றவை. புனல் வடிவிலோ அரைவட்டச் சுவராகவோ இருக்கும் பெரிய சறுக்குகளில் வளையம் ஊஞ்சல் போல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். கனமானவர்கள் இருவரும் ஒரே பக்கத்தில் அமர்ந்தால் வளையம் சாயும் என்பதால் எதிரெதிரே அமருங்கள். சில இடங்களில் மொத்த எடையையும் நிறுத்துப் பார்ப்பார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே காலணியில்லாமல் அளந்துகொள்ளுங்கள். 107 சென்டிமீட்டர், 122 சென்டிமீட்டர் என்ற இரண்டு எல்லைகளைப் பல பூங்காக்களில் காணலாம். கோபுரத்தின் உச்சிவரை ஏறியபின் அளவுகோலுக்குக் கீழே தலை நின்று, அழுதுகொண்டே படியிறங்கும் பிள்ளையைப் பார்ப்பது வேதனையானது. கீழேயே அளந்துவிட்டால் அது நேராது.

அலைக்குளம் ஆழமான முனையிலிருந்து இயங்குகிறது. அங்குள்ள அறைகளில் காற்றை அழுத்தி நீரைத் தள்ள, அலை கிளம்பி ஆழமற்ற கரையில் வந்து உடையும். மணியோ சங்கொலியோ கேட்டபின் சில நிமிடங்கள் அலை, பிறகு ஓய்வு என்று மாறி மாறி நடக்கும். ஓய்வு நேரத்தில் உற்சாகமாக ஆழத்துக்கு நடந்துவிட்டு, அலை தொடங்கியதும் திரும்ப முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. சிறுவர்களை முழங்கால் அளவு நீரில் கை எட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். ஊதி மாட்டும் கைவளையம் பாதுகாப்புக் கருவியன்று. பூங்காவில் கிடைக்கும் உயிர்காப்புச் சட்டையை அணிவியுங்கள்.

தாத்தா பாட்டிக்கு, மெதுவாக ஓடும் நீரில் மிதந்து செல்லும் லேசி ரிவரும் வெதுவெதுப்பான குளமும் போதும். இரத்த அழுத்தம், இதய நோய், கழுத்து முதுகு வலி உள்ளவர்களும் கருவுற்றவர்களும் வேகச் சறுக்குகளில் ஏறவே கூடாது. ஜெர்மனியில் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும்: சானா எனப்படும் வெப்பக் குளியல் பகுதிகளில் உடையின்றி இருப்பதே அந்நாட்டு வழக்கம். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே குடும்பத்தினருக்கு அதைச் சொல்லிவிட்டால் தர்மசங்கடம் நேராது.

உள்ளே ஈரவெப்பம் மிகுதி. நீரிலேயே இருப்பதால் தாகம் தெரியாது. ஆகவே, மணிக்கொரு முறை தண்ணீர் குடியுங்கள். மாலையில் கூட்டம் குறையும்போது பிடித்த சறுக்கில் இன்னொரு முறை ஏறலாம். ஆனால் மூடும் நேரத்துக்கு அரைமணி முன்பே உடைமாற்றும் அறைக்கு வந்துவிடுங்கள். உள்ளே 26 பாகை இருந்தாலும், வெளியே குளிர்காலத்தில் உறைநிலைக் குளிர் காத்திருக்கும். நீளமான கூந்தலை வேர்வரை உலர்த்த நேரம் பிடிக்கும். பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பியை மாட்டியபிறகே கதவைத் திறங்கள்.