வடபுல வீரர் அணியைச் சமன்செய்த விதம்

சிறு பொம்மை வீரர்களை மேசைமேல் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் எங்கள் மேசைப்போர் விளையாட்டுக்கு நான் அமைத்த வடபுல அணி (ஸ்காண்டிநேவியக் கடலோடிப் போர்வீரர்களான வைக்கிங்குகளின் அணி), எதிரணி வில்லாளிகள் நாணேற்றுவதற்குள் ஆட்டத்தை முடித்துவிடும் அளவுக்கு வலுத்திருந்ததால், அதை எதிர்த்து ஆட ஒருவரும் முன்வரவில்லை. வீரர்களின் புள்ளி விலையை (ஒவ்வொருவரையும் அணியில் சேர்க்கச் செலவாகும் புள்ளிகளை) உயர்த்தியபோது அணி சிறுத்ததே தவிர, ஆட்டம் சுவைக்கவில்லை.

தீர்வு வைக்கிங் வரலாற்றிலேயே இருந்தது. நீண்ட பிடியுள்ள டேனியக் கோடரியை இரு கைகளாலும் பற்றித்தான் வீச வேண்டும் என்பதால், அதை ஏந்துபவருக்குக் கேடயக் காப்பு கிடையாது என்றும், அவர்மீது அம்பு எய்பவரின் பகடை எண்ணில் ஒன்று கூட்டப்படும் என்றும் விதித்தேன். பெர்சர்க்கர்கள் (வெறிகொண்டு போரிடும் வடபுல வீரர்கள்) வெறி தணிந்தபின் தளர்ந்துவிடுவார்கள் என்று ஐஸ்லாந்தின் பழங்கதைகள் கூறுவதற்கேற்ப, வெறித் தாக்குதலுக்கு அடுத்த சுற்றில் அவர்கள் நகரலாம், தாக்கக் கூடாது என்றாக்கினேன். பாதிச் சிக்கல் இந்த ஒரே விதியால் தீர்ந்தது.

பொம்மைகளின் தலைக்கவசக் கொம்புகளை (19-ஆம் நூற்றாண்டுக் கற்பனையின் கைவண்ணம் அவை) கத்தியால் செதுக்கி எறிந்தேன். கேடயங்களுக்கு, 1880-இல் நார்வேயில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலில் இருந்தவாறே, மஞ்சளும் கறுப்பும் மாறி மாறித் தீட்டினேன். கருநிற அடிப்பூச்சின்மேல் மஞ்சள் எளிதில் பிடிக்காது. இடையில் வெளிர்பழுப்பு பூசினால்தான் நிறம் எடுப்பாகத் தெரியும்.