வேலூர்ப் பக்கம் குடும்பத்தோடு டூர்: பறவை பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

காலையில் கோட்டை, பதினொரு மணிக்குப் பொற்கோயில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஏலகிரி. வேலூர் வரும் குடும்பங்களின் திட்டம் பெரும்பாலும் இதுதான். இதற்கு நடுவே பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புவதுதான் முதல் தவறு. பதினொரு மணி வெயிலில் பறவைகள் நிழலில் ஒதுங்கிவிடும். நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், செருப்பு டோக்கனோடு அத்தை காத்துக்கொண்டிருப்பார். பறவையும் கிடைக்காது, வீட்டில் நல்ல பெயரும் கிடைக்காது.

வீட்டார் தூங்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரில் ஜனவரியில் சூரியன் உதிக்க 6.35 ஆகிவிடும், மே மாதத்தில் 5.45-க்கே உதித்துவிடும். விடிந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும். முந்தின இரவே "எட்டு மணிக்கு டிபனுக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு, 7.55-க்கு வந்து நில்லுங்கள். மறுநாளும் அனுமதி கிடைக்க இதைவிட நல்ல வழி இல்லை. இன்னொன்று, காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். குழந்தைக்குப் பால் வாங்க வேண்டியிருக்கும், வண்டி உங்களிடம் இருக்கும். அறையிலிருந்து நடந்தே போகக்கூடிய இடமாகப் பாருங்கள்.

ஊருக்குள் தங்கினால் அந்த இடம் கோட்டை அகழிதான். பறவை என்றாலே காட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்து இதைக் கடந்து போய்விடுகிறார்கள். உள்ளே போகவே வேண்டாம், அகழியின் வெளிக்கரையோடு மெதுவாக நடந்தாலே போதும். சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகம், முங்கி எழும் முக்குளிப்பான், வெண்மார்பு மீன்கொத்தி எல்லாம் எதிர்பார்க்கலாம். புதிதாகப் பார்ப்பவர்களை ஏமாற்றுவது மடையான். கல்விளிம்பில் கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருந்தால் சேற்று நிறத்தில் ஒரு மண்ணாங்கட்டி மாதிரி இருக்கும். கிட்டே போனதும் பறக்கும். அப்போது இறக்கை முழுக்க வெள்ளை. உட்கார்ந்தது ஒரு பறவை, பறந்தது ஒரு கொக்கு என்று இரண்டாக எழுதிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு வழியில் காவேரிப்பாக்கம் ஏரி இருக்கிறது. இங்கே தவறுகள் கொஞ்சம் நுட்பமானவை. நம் பக்கத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், ஏரிக்கரைகள் பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் அமைந்திருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஒவ்வொரு இறகின் நிறமும் தெரியும். அதே இடத்தில் மாலை நின்றால் தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும். வாத்தெல்லாம் கறுப்புப் பொம்மைதான். ஊர் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கிடைப்பது இந்த மாலை வெளிச்சம்.

ஏரி தளும்பினால் பறவையும் தளும்பும் என்பது பாதி உண்மை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வலசை வாத்துகளுக்கு விரிந்த நீர்ப்பரப்பு வேண்டும். நெடுங்கால் உள்ளானும் அரிவாள் மூக்கனும் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் நடந்து மேயும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த கையோடு போனால் கரையோரம் அவற்றுக்கு நிற்க இடமே இருக்காது. அப்போது ஏரியின் மேற்கோடியில், தண்ணீர் வந்து சேரும் பக்கம் தேடுங்கள். இல்லையென்றால் ஏரிக்குக் கீழே உள்ள வயலைப் பாருங்கள். டிராக்டர் சேற்றுழவு ஓட்டினால் பின்னாலேயே உண்ணிக்கொக்கு வரிசை கட்டும். மழைக்குப் பின் மெல்ல நீர் வற்றும் ஜனவரி, பிப்ரவரிதான் இரண்டு கூட்டத்துக்கும் பொருத்தம். மே மாத விடுமுறையில் வாத்துகளை எதிர்பார்த்து வந்தால் வறண்ட தரைதான் மிச்சம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஊருக்குள் திரும்பி, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதல் ஐந்து நிமிடம் உள்ளேயே இருங்கள். காரைக் கண்டு மிரளாத பறவை, கதவு திறந்து ஆள் இறங்கியதும் எழும்பிவிடும்.

பைனாகுலர் விஷயத்தில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். 20x50 கையில் நிற்காது. கை நடுக்கத்தையும் இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் 10x25 விடியற்காலையில் இருட்டடிக்கும். 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5, அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றைதான் கண்ணுக்கு வரும். 8x42-இல் அது 5.25. வித்தியாசம் அதிகாலை ஆறு மணிக்குத் தெரியும். குடும்பப் பயணத்துக்கு 8x32 எடை குறைவு, நல்ல சமரசம்.

வாங்கியவர்களும் சரிசெய்யாமலே பார்க்கிறார்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பாருங்கள். நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிள்ளைகள் கைக்குப் போய்வந்தால் நிச்சயம் மாறியிருக்கும். கண்ணாடி போடுபவர்கள் கண்குவளையை உள்ளே திருகிவிட வேண்டும். இல்லையென்றால் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். அதைத் துணியால் தேய்க்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பொற்கோயிலுக்கு உள்ளே மின்சாதனங்களோ கேமராவோ எடுத்துப்போக முடியாது, அதனால் பைனாகுலரையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. வெயிலில் பூட்டிய காரில் விட்டால் உள்ளே இருக்கும் மசகு இளகும்.

ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஏதாவது ஒரு வளைவில் "நிறுத்து நிறுத்து" என்று கத்துவது ஆபத்து, பின்னால் பேருந்து வரும். ஒரு இரவு மேலே தங்கி, புங்கனூர் ஏரியில் படகு கிளம்பும் முன்பே ஒரு சுற்று நடந்துவிடுங்கள். குளிர்காலத்தில் புதரடியில், காய்ந்த சருகைக் கிளறுகிற சத்தம் கேட்டால் அசையாமல் நில்லுங்கள், தோட்டக்கள்ளனாக இருக்கலாம். விடியலிலும் அந்தியிலும் விசிலடிப்பதால்தான் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள், இரை தேடும் நேரம் அதற்கு வீணாகும். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலிக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது. ஜவ்வாது மலைப் பக்கம் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. சாலையோர மரங்களே காலையில் போதுமான அளவு கொடுக்கும்.

பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இலைக்குள் ஒளியும் மாம்பழச்சிட்டில் தொடங்காதீர்கள். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை மாதிரி பெரிதாக, அசையாமல் நிற்பதைக் காட்டுங்கள். ஒருவன் எண்ணட்டும், ஒருத்தி எழுதட்டும். நாற்பது நிமிடத்துக்குமேல் இழுக்க வேண்டாம்.

எதற்குமே நேரம் வாய்க்காத நாளும் உண்டு. அப்போது காபி டம்ளரோடு லாட்ஜ் மொட்டைமாடிக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். காக்கை, மைனா, கிளி என்று கண்ணில் பட்ட, காதில் விழுந்த, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு, பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இபேர்ட் தளத்தில் போடுங்கள். அபூர்வமானதை மட்டும் போட்டுவிட்டுக் காக்கையை விட்டால் அது முழுப்பட்டியல் ஆகாது.