வரைபட அறையில் கண்கூச்சம் போனது

எங்கள் கல்லூரி வரைபட அறையில் உட்கார்ந்தாலே தலைவலி என்று மாணவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானே போய் உட்கார்ந்து பார்த்தேன்: பென்சில் கோடு பளபளக்கிறது, ஸ்கேலின் நிழல் கோட்டின் மேலேயே விழுகிறது. பழைய 36 வாட் ட்யூப்லைட் பதினாறு, போதாததற்கு ஒவ்வொன்றிலும் சோக் தனியாகப் பத்து வாட் தின்கிறது.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 20 வாட் எல்இடி ட்யூப்களை அடியில் தகரத் தட்டு வைத்து, வெளிச்சம் மேலே போய்க் கூரையில் பட்டுத் திரும்புகிற மாதிரி ஒன்றரை அடி இறக்கித் தொங்கவிட்டோம். நிழல் போனது, ஆனால் மேசையில் விழும் வெளிச்சத்தை அளந்தால் 190 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), எனக்கு 300 வேண்டும். இன்னும் நாலு விளக்கு போடலாம் என்றார்கள், எனக்கு மனசு வரவில்லை. ஏணியில் ஏறிக் கூரையை ஈரத்துணியால் துடைத்தேன், துணி கறுத்துவிட்டது. கூரையே வெளிச்சத்தை விழுங்கினால் கீழே என்ன வரும்? பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்ததும் 300-ஐத் தாண்டியது.

அப்புறம் ஜன்னலோர வரிசைக்குத் தனி சுவிட்ச், பகலில் அது எரிவதே இல்லை. தட்டில் தூசியும் ஈசல் சிறகும் சேரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள்.