பேஸ்பால் வழியே அமெரிக்காவைப் படிக்கிறீர்களா? இங்கெல்லாம் கவனம் தேவை

அமெரிக்கச் சமூக வரலாற்றை பேஸ்பால் வழியாகப் படிக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இனப் பாகுபாடு, தொழிலாளர் உரிமை, நகர நிலம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பேஸ்பால் உலகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமைக் கதையையே நாட்டின் வரலாறாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

தோற்றக் கதையைப் பாருங்கள். 1839இல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபிள்டே என்ற ராணுவக்காரர் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று, 1905இல் அமைக்கப்பட்ட குழு முடிவு கட்டியது. ஆனால் 1839இல் அவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர். 1744இல் லண்டனில் வெளியான சிறுவர் நூலிலேயே பேஸ்பால் என்ற பெயர் வந்துவிட்டது. சரி, கட்டுக்கதைதானே என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள், அதுவும் தவறு. இங்கிலாந்தின் சாயலே இல்லாத ஒரு விளையாட்டு அன்றைய அமெரிக்கர்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இதுவே சான்று.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, 1947 ஏப்ரல் 15 அன்று கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கியதோடு இனப் பாகுபாட்டின் கதையை முடித்துவிடுவது. 1884இலேயே மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் டொலிடோ அணிக்காகப் பெரிய லீக்கில், அதாவது உச்சநிலைத் தொழில்முறைத் தொடரில், ஆடியிருக்கிறார். ஆக, அந்தக் கதவு முதலில் திறந்திருந்து, பிறகு சாத்தப்பட்டது. அதற்குப் பெரிய லீக்குகளில் எழுதிவைத்த விதிகூட இல்லை; முதலாளிகளின் வாய்மொழி உடன்பாடே போதுமாக இருந்தது. சட்டப் புத்தகத்தில் மட்டும் தேடுகிறவருக்கு இது கிடைக்காது.

மீண்டும் திறந்த பெருமையை டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி ஒருவருக்கே கொடுப்பதும் சரியில்லை. பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையில் வெண்டெல் ஸ்மித் விடாமல் எழுதினார். கம்யூனிஸ்ட் நாளேடான டெய்லி வொர்க்கரும் பிரசாரம் செய்தது. 1945இல் நியூயார்க் மாநிலம் வேலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

அப்புறம் என்ன நடந்தது என்பதைத்தான் அதிகம் படிக்க வேண்டும். 1920இல் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று கறுப்பின வீரர்களுக்காகத் தொடங்கிய நீக்ரோ நேஷனல் லீக், 1930களின் தொடக்கத்தில் ஒருமுறை நின்று மீண்டும் எழுந்தது. 1948க்குப் பின் மூடப்பட்டது. ராபின்சனை எடுத்துக்கொண்டதற்கு அவருடைய பழைய அணியான கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ரிக்கி ஒரு டாலர்கூடத் தரவில்லை. வீரர்கள் சிலர் உள்ளே போனார்கள். கறுப்பின முதலாளிகளும் மேலாளர்களும் வெளியிலேயே நின்றார்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் கறுப்பின வீரரை இறக்க 1959 ஆனது. இதை வெறும் வெற்றிக் கதையாக எழுத எனக்கு மனம் வராது.

வீரர்களை நாயகர்களாக மட்டும் பார்ப்பவர்கள் அவர்களும் கூலிக்கு உழைத்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து நீதிமன்றம் போன கர்ட் ஃப்ளட், 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அந்தத் தீர்ப்பைத் தொழிலாளர் வரலாறாகவே படியுங்கள்.

மைதானங்களிலும் அவசரத் தீர்ப்பு வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸின் சாவேஸ் ரவீன் பகுதியில் இருந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை, புரூக்ளினிலிருந்து அந்நகருக்கு இடம்பெயர்ந்த டாட்ஜர்ஸின் மைதானத்துக்காகவே விரட்டினார்கள் என்பார்கள். பெரும்பாலானவர்கள் 1950களின் தொடக்கத்திலேயே, பொது வீட்டுவசதித் திட்டம் ஒன்றுக்காக வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். மிஞ்சியவர்களை 1959இல் போலீஸ் இழுத்து வெளியேற்றியது. பழி முழுவதையும் டாட்ஜர்ஸ் மேல் போட்டால், அந்தத் திட்டத்தை சோஷலிசம் என்று தூற்றிக் கைவிட வைத்த நகர அரசியல் தப்பித்துவிடும்.